அமெரிக்கா கத்தினால் சாவில்லை

நவம்பர் 4, செவ்வாய்

மேகமூட்டம். காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருந்தது. படுக்கை விரிப்பு மறுபடி மாற்றியாயிற்று. நேற்றுத் துவைத்ததே காயவில்லை.

அப்பா இட்லி ஒன்றரை, கஞ்சி அரை டம்ளர். அதற்கு மேல் "போதும்." பக்கவாதம் அவருடைய எல்லாச் சொற்களையும் வழித்து எடுத்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. இட்லிக்கும் போதும், ஃபேனுக்கும் போதும், ஊசி போட வந்த நர்சுக்கும் போதும். (எழுதச் சோம்பல். இனி அ. என்றால் அப்பா.)

ரெண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொன்னதாக அக்கா போனில் அழுதாள். அமெரிக்காவிலிருந்து ஸ்ரீராம்புரத்துக்குக் கிளம்பி வந்தேன். கைப்பையில் மூன்று சட்டை, ஒரு பேண்ட், அடுத்த நாடகத்தின் இசைத்தாள். வந்த அன்று தெருவே வாசலில். பக்கத்து வீட்டு சரோஜாக்கா என் கன்னத்தைத் தடவினார். "உசுரு உனக்காகத்தாம்பா காத்துனு இருந்துச்சு. இனிமே நிம்மதியா போயிடும்." அ. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டேன், ஒரு வாரம்.

டிசம்பர் ஒன்றாம் தேதி அங்கே ஒத்திகை. அமெரிக்காவின் நடுவில், சோளக்காட்டுக்கு மத்தியில் ஒரு ஊர், அதில் ஒரு சுமாரான ஓபரா கம்பெனி. சுமாரானாலும் நாயகன் வேடம். மூன்று வருடம் கழித்து வந்திருக்கும் நாயகன் வேடம். எனக்கு நாற்பத்திரண்டு வயது. இது கைநழுவினால் அடுத்து யாரும் கூப்பிடமாட்டார்கள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, தொழில் அப்படி.

அக்கா நான் வந்த மூன்றாம் நாளே தங்கவயல் போய்விட்டாள், மகள் ரேவதியின் பிரசவத்துக்கு. ஆகவே வீட்டில் அ.வும் நானும்.

வாங்க வேண்டியது: டெட்டால், ரப்பர் ஷீட், கொசுவத்தி, பனங்கற்கண்டு (எனக்கு).

நவம்பர் 5, புதன்

வெயில் கொஞ்சம். குழாயில் தண்ணீர் இல்லை.

வந்ததிலிருந்து பாடவில்லை. என்னுடையது பெல்காண்டோ, பழைய இத்தாலிய முறை. உரக்கக் கத்திக் காட்டுவது இல்லை. மூச்சு அறாமல் மெல்லிசாக இழுத்து, மேலே போகப் போக இன்னும் மெல்லிசாக்கி, அறுந்தே போய்விடும் என்கிற இடத்தில் முழுக் குரலையும் திறப்பது. தினமும் செய்யாவிட்டால் முதலில் போவது உச்சி.

ஆனால் எங்கே பாடுவது? முன்னறையில் அ. கட்டில். பின்னால் சமையல். நடுவில் நான் படுக்கிற இடம். குளியலறையில் முயன்றேன். எதிரொலி பிரமாதம். கீழே நாலு சுரம் போவதற்குள் சந்துப் பக்கத்து ஜன்னலில் சரோஜாக்கா: "இன்னாப்பா, வாந்தியா? சோடா வாங்கியாரட்டா?"

தலையணையில் முகம் புதைத்து ஒரு முயற்சி. வாயெல்லாம் பஞ்சு.

மொட்டை மாடிதான் வழி. ஒன்றாம் தேதி கன்னட ராஜ்யோத்சவ விழாவுக்குக் கட்டின ஸ்பீக்கரை இன்னும் அவிழ்க்கவில்லை. அது அலறும்போது அதன் அடியில் ஒளிந்துகொண்டு கொஞ்சம் பாடினேன். கன்னடப் பாட்டு முடிந்ததும் நானும் திருடன் மாதிரி நிறுத்த வேண்டியிருந்தது. உச்சி சுரம், எங்கள் கணக்கில் மேல் 'சி', இல்லை. இருந்த இடத்தில் வெறும் காற்று.

சாயங்காலம் சரோஜாக்கா சோடா பாட்டிலோடே வந்தார்.

"அமெரிக்கால நீ இன்னா வேலைப்பா?"

"பாடறேன்க்கா."

"அது சரி. வேலை?"

நவம்பர் 7, வெள்ளி

தூறல். காஸ் தீர்ந்தது, புக் செய்தேன்.

அக்கா போன். ரேவதிக்குப் பெண் குழந்தை, சிசேரியன். நான் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் "எப்போ வர்றே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"இப்பத்தானே பொறந்திருக்கு. பத்தியம் பாக்கணும், கொழந்தைய குளிப்பாட்டணும், அவ மாமியாருக்கு கண்ணு தெரியாது. டிசம்பர் பாதி ஆயிடும்டா."

"ஒண்ணாம் தேதி நான் அங்க இருக்கணும்க்கா."

குழந்தை அழும் சத்தம் கேட்டது. நல்ல குரல், மூச்சு அடிவயிற்றிலிருந்து.

"நீ இருபது வருஷம் போனே முருகேசா. நான் ஒரு மாசம் போயிருக்கேன்."

வைத்துவிட்டாள். பகல் முழுக்க பதில் யோசித்தேன்.

நவம்பர் 8, சனி

ஆள் வைத்துப் பார்த்தேன். ஏஜென்சியிலிருந்து ஒரு அம்மாள், சுத்தமானவர், பேச்சும் மெதுவு. அ. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். காலைக் கஞ்சியும் இல்லை, மதியமும் இல்லை. ஸ்பூன் கிட்டே போனாலே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "போதும், போதும், போதும்."

நான் ஊட்டியதும் சாப்பிட்டார். ஒன்றும் நடக்காத முகம்.

அந்த அம்மாள் போகும்போது, கன்னடம் கலந்து: "சார், ஐயா உங்க கையிலதான் சாப்பிடுவாரு. வேற யார் வந்தாலும் வேஸ்ட். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

சின்ன வயதில் இவர் எனக்கு ஒரு வாய் ஊட்டியதாக ஞாபகமே இல்லை. மில்லில் முதல் ஷிப்ட், வந்ததும் தூக்கம். இப்போது என் கையை விட்டால் வேறு கை ஆகாதாம். கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

அவமானம். முதலிலிருந்து எழுதுகிறேன்.

நல்ல வெயில். தெருவில் பாதிப் பேர் மார்க்கெட், மீதிப் பேர் டிவி. அ. சாப்பிட்டுக் கண் அசந்தார். சரி என்று மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு மெல்ல ஆரம்பித்து, தொண்டை திறந்துகொண்ட குஷியில் கடைசிக் காட்சியை முழுசாகப் பாடினேன். காதலி செத்துப்போன சேதி வந்தபின் நாயகன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீ இல்லாமல் நான் ஏன் இன்னும் இருக்கிறேன் என்று கேட்கிற பாட்டு. அந்தக் கூப்பிடுகிற இடத்தில்தான் உச்சி. இரண்டாம் முறை வந்தது. முழுச் சுத்தமாக இல்லை, ஆனாலும் வந்தது. மூன்றாம் முறையும் பாடினேன்.

இறங்கி வந்தால் வாசலில் கூட்டம். செருப்புகள். இரண்டு பேர் சாமியானாக் கம்பு இறக்குகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒரு ஆட்டோ நிறைய. மில் யூனியன் பெரியவர் ஒருவர் ரோஜா மாலையோடு, கண் சிவந்து. சந்து முனையில் தப்பட்டைக்காரர்கள் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சுகிறார்கள். யாரும் கூப்பிடவில்லை, சாவு வீட்டுக்கு யார் கூப்பிட வேண்டும்?

யாரோ என்னைக் கட்டிக்கொண்டு, "தைரியமா இருப்பா. பெத்த புள்ள கடைசியில பக்கத்துல இருந்தியே, அது போதும்" என்றார்.

உள்ளேயிருந்து சரோஜாக்காவின் ஒப்பாரி. தலையை அவிழ்த்துப்போட்டு, அ. காலைப் பிடித்துக்கொண்டு, "எங்கள விட்டுட்டுப் போயிட்டியே மாமா..." அ. விழித்து, மிரண்டு, நல்ல கையால் அவர் தலையைத் தள்ளி, தெருவுக்கே கேட்க ஒரு சத்தம்:

"போதும்!"

சரோஜாக்கா எகிறிப்போய்ச் சுவரில் மோதினார். பெரியவர் கையிலிருந்த மாலை நழுவியது. பிறகு தப்பட்டைக்காரர்களில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. மாலை வீணாகக் கூடாதென்று மாட்டியிருந்த முருகன் படத்துக்குப் போட்டார்கள்.

சரோஜாக்கா மூச்சு வாங்கியபடி: "நீதானே கத்துனே! பெத்த அப்பன் போனாத்தான் ஆம்பள அப்பிடிக் கத்துவான்."

இத்தாலிய பாஷை ஒரு வார்த்தை தெரியாமல், மேடை இல்லாமல், அர்த்தம் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். இருபது வருடத்தில் எந்தப் பத்திரிகை விமர்சகரும் என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக எழுதியதில்லை.

நவம்பர் 10, திங்கள்

குளிர். அ. நேற்றுக் கூட்டம் பார்த்த உற்சாகத்தில் தோசை இரண்டு.

பால் வாங்கப் போனால் தெரு முழுக்கச் சிரிப்பு. இஸ்திரிக்காரர்: "இன்னைக்கு சாவு உண்டா சார்?"

சரோஜாக்காவோடு ஒப்பந்தம். காலையில் அ. சாப்பிட்டு முடித்தபின் நான் பாடலாம். அந்த நேரத்தில் எந்தச் சத்தம் வந்தாலும் யாரும் பயப்படுவதில்லை. தெருவுக்கு அறிவிக்கிற பொறுப்பு அவருடையது. வாசலில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிச் சொன்னார், ஓட்டு கேட்கிற மாதிரி:

"அமெரிக்கா கத்துனா சாவில்ல! பாட்டு! யாரும் மாலைகீலை வாங்கினு வந்துராதீங்க!"

அப்படியாக என் பேர் அமெரிக்கா. அங்கே போஸ்டரில் மர்ரே கேசன். முருகேசனை வாயில் நுழைக்க முடியாமல் முதல் ஏஜென்ட் இரண்டாக வெட்டிவிட்டார். முருகேசன் என்று கூப்பிட அக்கா ஒருத்திதான் பாக்கி. அ.வுக்கு வார்த்தை இல்லை.

நவம்பர் 13, வியாழன்

வெயில், காற்று. ரப்பர் ஷீட் கிழிந்தது.

சரோஜாக்காவுக்கு அ. இவ்வளவு நாள் இழுப்பது ஏதோ நிறைவேறாத ஆசையால் என்று சந்தேகம். "மனசுல இன்னாவோ மாட்டினு இருக்குப்பா. அது கெடைச்சா பொசுக்குனு போயிடுவாரு." சொன்னதோடு நிற்கவில்லை. வரிசையாக: மண்ணாசையென்று சொந்த ஊர் மண் இல்லாததால் ஸ்ரீராம்புரம் மண்ணையே கரைத்து ஒரு ஸ்பூன். பொன்னாசையென்று தன் தாலியை உரசி ஒரு ஸ்பூன். பிரியாணிக் குழம்பு ஒரு ஸ்பூன். யூனியன் பெரியவர் யோசனையில் தண்ணீரில் ஒரு சொட்டு ரம்.

எல்லாவற்றுக்கும் "போதும்." ரம்முக்கு மட்டும் கொஞ்சம் தாமதித்து.

தெருக்காரர்களுக்கு அவர் நிம்மதியாகப் போகவேண்டும் என்பதில் ஒரு கள்ளமும் இல்லை, அன்புதான். நான்தான் அவர்கள் ஸ்பூனை எடுக்கும்போதெல்லாம் கட்டிலருகே ஓடிப்போய் நிற்கிறேன். பயமா நம்பிக்கையா என்று பார்க்க விருப்பமில்லை.

ஒன்று கவனித்தேன். நான்கு நாளாகக் கதவைத் திறந்து வைத்து, கீழேயே, முன்னறையிலேயே பாடுகிறேன். எல்லாவற்றுக்கும் போதும் சொல்கிற மனிதர் பாட்டுக்கு ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கண்ணை மூடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு இருக்கிறார். என் பாட்டை அவர் கேட்பதே இப்போதுதான். இந்த வரிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். அசட்டுத்தனம்.

நவம்பர் 15, சனி

மழை. ப்ரௌசிங் சென்டர், சரோஜாக்காவை அ. பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

ஏஜென்ட் பெத் மெயில். கம்பெனி கவலைப்படுகிறது. மாற்றாளாக வைத்திருக்கும் பையனுக்கு இருபத்தேழு வயதாம், உச்சி சுரம் தூக்கத்தில்கூட வருமாம் (பெத் இப்படி எழுதவேண்டிய அவசியமில்லை). இருபதாம் தேதிக்குள் சொல்லவேண்டும், வருகிறேனா இல்லையா. "அப்பாவுக்காக வருந்துகிறேன். ஆனால் இந்த முறை விட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

என் தொழில் வரலாறு, சுருக்கம். மிஷன் ஸ்கூல் பாட்டுக் குழுவில் விபூதியோடு நின்ற ஒரே பையன். பாட்டு வாத்தியார் ஒரு கடிதம் போட்டு ஒஹையோவில் காலேஜ். சாப்பாட்டு மேஜை துடைத்தபடி இத்தாலியன் கற்றேன். பத்து வருடம் சின்னச் சின்ன ஊர், மாற்றாள் வேலை, வண்டியில் தூக்கம். முப்பத்திமூன்றில் ஒரு பெரிய தியேட்டரில் நாயகனுக்குக் காய்ச்சல், நான் ஏறினேன், பத்திரிகையில் வந்தது. நாலைந்து வருடம் நல்ல காலம். அமெரிக்கப் பிரஜை ஆனேன். பிறகு குரல் கனத்தது. இந்தப் பாணிக்குக் கனம் ஆகாது. கூப்பிடுவது குறைந்தது. அவ்வளவுதான். அம்மா செத்தபோது ஐந்து ஷோ பாக்கி இருந்தது, வரவில்லை.

மழையில் நடந்து வந்தேன். வழியில் மனதில் வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். அ. இந்த வாரமே போய்விட்டால் நான் போகலாம்.

எழுதியாயிற்று. அடிக்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்தால் அ. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார், பசி.

நவம்பர் 16, ஞாயிறு

மூடின வானம். அக்கா போன். குழந்தைக்கு மஞ்சள் காமாலை, லைட்டில் வைத்திருக்கிறார்கள், பயமில்லை.

பாட்டு விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் போதும் சொல்கிறார், என் பாட்டுக்கு மட்டும் சொல்வதில்லை என்று. சின்னப் பையன் மாதிரிச் சொல்லியிருப்பேன் போல.

"முருகேசா, அவருக்குக் காது கேக்காதுடா. முப்பத்தஞ்சு வருஷம் தறி சத்தத்துல நின்னவரு. ரிட்டையர் ஆவும்போதே பாதி இல்ல. இப்ப சுத்தமா போச்சு. உனக்கு யாரும் சொல்லலியா?"

யார் சொல்வது? வருடத்துக்கு இரண்டு போன். அவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு "ஆங், ஆங், நல்லாருக்கேன்" என்பார். நான் அங்கே மழை என்றாலும் அதே, எனக்கு விவாகரத்து என்றாலும் அதே.

ஆகவே என் வாயைப் பார்த்தது பாட்டுக்காக இல்லை. வாய் அசைகிறதே என்று பார்த்திருக்கிறார்.

இன்று பாடவில்லை. சரோஜாக்கா ஜன்னலில்: "இன்னா இன்னிக்கு சத்தமே காணோம்? ஒடம்புக்கு இன்னா?"

நவம்பர் 18, செவ்வாய்

நல்ல குளிர், வெயில் தெளிவு.

அ.வை உட்காரவைத்து முதுகு துடைத்தேன். புண் வரவில்லை, நல்லது. அப்புறம் நான் கட்டில் ஓரத்தில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவருடைய நல்ல கையை எடுத்து என் முதுகில், விலா எலும்புக்குக் கீழே வைத்தேன். மூச்சு அங்கேதான் விரியும். எல்லா வாத்தியாரும் மாணவன் முதுகில் கைவைத்துப் பார்க்கிற இடம்.

பாடினேன். முதலில் கீழே, வெறும் அதிர்வு. கை சும்மா கிடந்தது. மேலே ஏறியதும் விரல்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டன. பாட்டு முடிகிறவரை விடவில்லை.

நிறுத்தினேன்.

இரண்டு தட்டு. முதுகில், உள்ளங்கையால்.

எனக்கு இது தெரியும். தறிக்கூடத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது, எல்லாம் கைதான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் தறியை ஓட்டு. வீட்டிலும் அவருக்கு அதே பழக்கம். ஸ்கூலுக்குக் கிளம்பினால் முதுகில் இரண்டு தட்டு. ஒஹையோவுக்கு விமானம் பிடிக்க ரயிலேறிய அன்றும் ரயிலடியில் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு தட்டு. ஆசீர்வாதம்கூடப் பண்ணத் தெரியவில்லையே என்று ரயில் முழுக்கத் திட்டிக்கொண்டு போனேன்.

மறுபடி பாடினேன். நிறுத்தினதும் மறுபடி இரண்டு தட்டு. நாலு தடவை. தொண்டை போய்விடும் என்று நானேதான் கடைசியில் "போதும்ப்பா" என்றேன்.

அழுகை. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

நவம்பர் 19, புதன்

மேகம். பால்காரர் வரவில்லை, பவுடர் காபி.

நாளை பெத்துக்குப் பதில் சொல்லவேண்டும். சரோஜாக்கா பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், மனப்பூர்வமாக. ஆனால் அவர் கையிலும் அ. சாப்பிடுவதில்லை. நான் விமானம் ஏறினால் அ. எத்தனை நாள் பட்டினி கிடப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஓட்டு என்றால் பாடு என்றா, கிளம்பு என்றா? ரயிலடியில் கிளம்பு. நேற்று? ஒரே தட்டுதானே.

அவர் முகத்துக்கு நேரே குனிந்து, கையைக் காட்டி, வாயைப் பெரிசாக அசைத்துக் கேட்டேன். நான் போகட்டுமா? இருக்கட்டுமா?

"போதும்" என்றார்.

சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

நவம்பர் 20, வியாழன்

வெயில். ப்ரௌசிங் சென்டரில் பவர் கட், ஜெனரேட்டர் சத்தத்தில் பெத்துக்கு டைப் அடித்தேன்: நான் வரவில்லை. மன்னிக்கவும். அந்தப் பையன் நன்றாகப் பாடட்டும்.

அனுப்பியதும் பெருமையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. வாசலில் நின்று ஒரு பன் பட்டர் சாப்பிட்டேன். தியாகம் எல்லாம் இல்லை. கதவு ஒன்றுதான் இருந்தது, அதையும் நானே சாத்தினேன். இந்தச் சந்து, இந்தக் கட்டில், டெட்டால் வாசனை. அ. இன்னும் ஐந்து வருடம்கூட இருக்கலாம். டாக்டரே நேற்றுச் சொன்னார், இதயம் கல்லு மாதிரி இருக்கிறதாம்.

அக்காவிடம் சொன்னேன். "வேலை போயிடாதா?" என்றாள். போய்விட்டது என்றேன். அப்புறம், "சாப்பிட்டியாடா?" என்றாள்.

நவம்பர் 22, சனி

பனி. அ. கஞ்சி கால் டம்ளர். நேற்றும் குறைவுதான்.

பாட ஒரு காரணமும் இல்லை. இருந்தாலும் சாப்பாடு ஆனதும் கையை எடுத்து அவரே கட்டில் ஓரத்தைத் தட்டுகிறார். உட்காருகிறேன். கை முதுகில். பாடுகிறேன். நிறுத்தினால் இரண்டு தட்டு. என் வாழ்க்கையில் இவ்வளவு 'ஒன்ஸ்மோர்' வாங்கியதில்லை, அதுவும் செவிடரிடம்.

வேடிக்கை என்னவென்றால் உச்சி திரும்பி வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் இருந்த மாதிரி, மெல்லிசாக, கனமில்லாமல். இனி யாருக்கு?

தெருவும் பழகிவிட்டது. சரோஜாக்கா அரிசி புடைத்தபடி கேட்கிறார். இஸ்திரிக்காரர் ரேடியோவை அணைத்துவிடுகிறார். "நேத்திக்கு கொஞ்சம் கம்மியா இருந்துச்சு சார்" என்று குறைகூடச் சொல்கிறார்.

வாங்க வேண்டியது: குளுக்கோஸ், புது ரப்பர் ஷீட், ஒரு போர்வை.

நவம்பர் 24, திங்கள்

வெளியே நாற்காலி இறக்குகிறார்கள். அக்கா தங்கவயலிலிருந்து டாக்சியில் வந்துகொண்டிருக்கிறாள். நான் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை என்று உள்ளே அனுப்பிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

காலையில் வெயில் வரத் தாமதம். அ. குளுக்கோஸ் இரண்டு ஸ்பூன். கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தைத் தட்டினார், மெதுவாக. உட்கார்ந்தேன். கையை எடுத்து முதுகில் வைத்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது.

கடைசிக் காட்சி பாடினேன். முழுவதும். பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் விரல்கள் சட்டையைப் பிடித்தன. அது நிச்சயம், எனக்குத் தெரியும். முடித்தேன். கை அங்கேயே இருந்தது. தட்டுக்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் திரும்பாமலே காத்திருந்தேன். கை மட்டும் கனத்துக்கொண்டே வந்து வழுக்கி இறங்கியது.

திரும்பிப் பார்த்தேன்.

கத்தினேன். அப்பா என்று. தொண்டை எப்படித் திறந்தது, மூச்சு எங்கிருந்து வந்தது, ஒன்றும் தெரியாது. எவ்வளவு தடவை என்றும் தெரியாது. கதவு ஆவென்று திறந்துதான் இருந்தது. யாரும் வரவில்லை. சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார். ஜன்னல் வழியாக முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

கடைசியில் நானே எழுந்து வாசலுக்குப் போனேன். சரோஜாக்கா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்குத்தாம்பா சூப்பரா இருந்துச்சு. ஏன் நிறுத்திட்டே? பாடு."